ஏழு மணிக்கு மூன்றாவது பெல்

சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு சென்னை ஆபீஸ்வாசி என்ன செய்துகொண்டிருப்பார்? வீட்டுக்கு போன் பண்ணி, "கிளம்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். கிளம்பியிருக்க மாட்டார். ஏழு மணிக்கு மறுபடி போன். "வந்துட்டே இருக்கேன்." அப்போதுதான் கம்ப்யூட்டரை அணைத்துக்கொண்டிருப்பார். எட்டு மணிக்குக் கத்திப்பாராவில் நிஜமாகவே மாட்டிக்கொண்டு, "ஒரே டிராஃபிக்" என்பார். அன்றைக்கு அவர் பேசிய உண்மை அது ஒன்றுதான்.

ஒன்பது மணிக்கு வீடு. தட்டில் இட்லி, கையில் செல்போன். மனைவி ஹாலில் ஒரு திரை முன்னால். பையன் அறைக்குள் இன்னொரு திரை முன்னால். மூன்று பேர், மூன்று திரை, ஒரே சட்னி. 'குடும்பத்துடன் கண்டு களியுங்கள்' என்று அந்தக் கால சினிமா போஸ்டரில் போட்டிருப்பார்கள். இப்போதும் குடும்பம் இருக்கிறது. கண்டு களிப்பதும் நடக்கிறது. நடுவில் இருந்த அந்த 'உடன்' மட்டும்தான் எங்கேயோ போய்விட்டது.

அதைச் சமீபத்தில் ஒரு புதன்கிழமை திரும்பப் பார்த்தேன். பார்த்த இடம், வாணி மகால்.

* * *

எங்கள் ஆபீஸ் அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம், நாளைக்கும் அவர்தான் என் டி.ஏ. பில்லை பாஸ் பண்ண வேண்டும். பதினோரு வருஷமாக அவர் வாயிலிருந்து நான் கேட்ட மொத்த வசனம், "வவுச்சர் இல்லியா ஸார்?" என்பது மட்டும்தான். அதையும் தரையைப் பார்த்தபடி சொல்வார். 

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் என் மேஜை பக்கம் வந்து, ஃபைலுக்கு அடியில் இரண்டு பாஸை, லஞ்சம் வைப்பதுபோல வைத்தார்.

"புதன்கிழமை நம்ம டிராமா ஸார். வீட்ல அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

"நம்ம டிராமான்னா?"

"நான் நடிக்கறேன் ஸார்."

"நீங்களா!"

"சின்ன ரோல்தான் ஸார்" என்றார், தரையைப் பார்த்தபடி.

எனக்கு நாடகம் புதிதில்லை. 1980-களில் அப்பா ஒரு சபாவில் மெம்பர். மாதம் ஒரு நாடகம். ஆபீஸிலிருந்து வந்து, முகம் கழுவி, நெற்றியில் விபூதி, கையில் மெம்பர் கார்டு, பின்னால் நாங்கள் நாலு பேர் என்று படை கிளம்பும். அப்புறம் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, வண்டி லோன், வீட்டு லோன் என்று வாழ்க்கையே ஸீன் மாற்றிக்கொண்டு போய்விட்டதில், மேடைப் பக்கம் தலைவைத்தே படுக்கவில்லை.

* * *

கிண்டியில் மின்சார ரயில் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் மாம்பலம். அங்கே இறங்கி ரங்கநாதன் தெருவைத் தாண்ட, ரயிலில் வந்ததைப்போல மூன்று மடங்கு நேரம். என் மனைவி எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தாள். "ஆறே முக்காலுக்கு நீங்க ஒரு இடத்துக்கு வந்து நான் பார்த்ததே இல்லை" என்றாள். அது பாராட்டா, புகாரா என்று கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்தும் எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

முதல் பெல் காபியைக் குடித்து முடிக்க. இரண்டாவது பெல் சீட்டைத் தேடிப் பிடிக்க. மூன்றாவது பெல்லுக்கு விளக்கு அணைந்து திரை விலகும். ஹாலில் ஒரு விநாடி எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள் பாருங்கள், அந்த ஒரு விநாடிக்கே டிக்கெட் காசு சரியாய்ப் போயிற்று.

மேடையில் அதே சோபா! சின்ன வயதில் நான் பார்த்த அதே சோபாதான் என்று சத்தியம் பண்ணத் தயார். அதே மூலையில் ஸ்டூல், ஸ்டூல் மேல் டெலிபோன். நாடக வீட்டில் மாடிப்படி இருக்கும், மாடி இருக்காது. சமையலறைக்கு என்று இடது பக்கம் போனவர் ஆபீஸிலிருந்து என்று வலது பக்கமாக வருவார். மேலேயிருந்து மைக்குகள் தொங்கும். மாமனாருக்கும் மருமகனுக்கும் வெட்டுக்குத்து என்றாலும், இரண்டு பேரும் ஒரே மைக்குக்கு அடியில் வந்து நின்றுதான் வெட்டிக்கொள்வார்கள்.

இதெல்லாம் நமக்குத் தெரியும். அவர்களுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, 'இது வீடுதான்' என்று இரண்டு தரப்பும் செய்துகொள்கிற ஒப்பந்தம்தான் நாடகம்.

பத்தாவது நிமிஷம் நம் அக்கவுண்ட்ஸ்காரர் வந்தார். மானேஜர் வேஷம். கோட்டு, டை, மூக்குக் கண்ணாடி. தரையைப் பார்க்கவில்லை, ஹாலின் கடைசி வரிசையைப் பார்த்தார். "யாருய்யா அது!" என்று ஒரு அதட்டல். எனக்கே எழுந்து நின்றுவிடலாமா என்று தோன்றியது.

இந்த இடத்தில் ஒரு ஃபிளாஷ்பேக் தேவைப்படுகிறது. அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு, ஏதோ ஒரு ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரி விட்டுப்போனதற்காக எங்கள் மானேஜர் இவரை எல்லோர் முன்னாலும் பத்து நிமிஷம் நிற்க வைத்துக் காய்ச்சியிருந்தார். எங்கள் மானேஜர் திட்டுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார். முதலில் கண்ணாடியைக் கழற்றுவார். இரண்டு பக்கமும் ஊதுவார். டை நுனியால் துடைப்பார். "நான் ஒண்ணு கேக்கட்டுமா?" என்பார். அப்புறம்தான் ஆரம்பம்.

மேடையில் நம் ஆள் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றினார். ஊதினார். டை நுனியால் துடைத்தார். "நான் ஒண்ணு கேக்கட்டுமா?"

ஹால் அதிர்ந்தது. எங்கள் மானேஜரை என்னைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் அவரவர் ஆபீஸில் அவரவருக்கு ஒரு மானேஜர் இருப்பார் போலிருக்கிறது. முன் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதைவிட அமர்க்களம் அடுத்த ஸீனில். டெலிபோன் மணி அடிக்க வேண்டும்; மானேஜர் எடுத்துப் பேச வேண்டும். மணி அடிக்கவில்லை. ஸைட் விங்கில் சவுண்ட் பார்க்கிறவர் எங்கே போனாரோ! மூன்று விநாடி, நாலு விநாடி. மேடையில் நாலு விநாடி மௌனம் என்பது பஸ் ஸ்டாண்டில் நாற்பது நிமிஷத்துக்குச் சமம். நம் ஆள் நிதானமாக ஸ்டூலிடம் போனார். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். சபையைப் பார்த்தார்.

"பில் கட்டலை போலிருக்கு!"

ஒரே சிரிப்பு. அது அடங்குவதற்குள், ரிசீவர் அவர் கையில் இருக்கும்போதே, 'ட்ரிங் ட்ரிங்' என்று மணி அடித்துத் தொலைத்தது. அவர் அசரவில்லை.

"பாரு, சொன்னவுடனே கட்டிட்டான்!"

கைதட்டல் நிற்க அரை நிமிஷம் ஆயிற்று. இது நேற்றைய காட்சியில் நடக்கவில்லை. அடுத்த காட்சியிலும் நடக்காது. அன்றைக்கு அந்த ஹாலில் இருந்த முந்நூறு பேருக்கு மட்டும் கிடைத்த பிரசாதம். ரெக்கார்ட் பண்ணி யாருக்காவது அனுப்பினால், "என்ன பெரிய ஜோக்!" என்பார்கள். அவர்கள் அந்த நாலு விநாடி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லையே!

பக்கத்தில் என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"நீங்க சிரிச்சா இப்படித்தான் சத்தம் வரும், இல்ல? மறந்தே போச்சுங்க" என்றாள்.

* * *

நாடகம் முடிந்து உள்ளே போனேன். தேங்காயெண்ணெய் தொட்டு அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோட்டு, டை எல்லாம் கழன்று பழைய ஆளாகத் தரையைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

"பிரமாதம்! இதுக்கு எவ்வளவு தர்றாங்க?"

"ஆட்டோ காசு தருவாங்க ஸார். கூட்டம் நல்லா இருந்தா டிபனும் உண்டு."

"வவுச்சர்?"

"இங்க மட்டும் நான் வவுச்சர் கேக்க மாட்டேன் ஸார்."

ரிகர்சல் எல்லாம் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில். ராத்திரி எட்டரைக்கு மேல்தான் எல்லோரும் வந்து சேர முடியும். ஒருவர் பாங்க், ஒருவர் எல்.ஐ.சி., ஒருவர் கம்ப்யூட்டர் கம்பெனி, ஹீரோயின் ஸ்கூல் டீச்சர். மறுநாள் காலை எல்லோரும் ஆறு மணிக்கு எழுந்தாக வேண்டும். "எதுக்கு இவ்வளவு கஷ்டம்?" என்று கேட்டுவிட்டேன்.

கொஞ்ச நேரம் பஞ்சால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நான் சொல்றதை யாரும் கேக்கறதில்ல ஸார். வீட்லயும் டி.வி. சத்தம். இங்க ஏழு மணிக்கு முந்நூறு பேர் வந்து உக்காந்து கேக்கறாங்க. நியாயமாப் பார்த்தா நான்தான் அவங்களுக்குக் காசு குடுக்கணும்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பேசாமல் அவர் கோட்டை மடித்துக் கொடுத்தேன்.

இந்தக் கதைக்கு ஒரு வால் உண்டு. விஷயம் ஆபீஸில் பரவி, மானேஜர் தானாகவே பாஸ் கேட்டு வாங்கிக்கொண்டு அடுத்த காட்சிக்குக் குடும்பத்தோடு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டார். நம் ஆளுக்கு மேடையில் கை கால் ஓடவில்லையாம். ஆனாலும் கண்ணாடியைக் கழற்றினார், ஊதினார், துடைத்தார். மறுநாள் காலை கூப்பிட்டனுப்பினார் மானேஜர். நாங்கள் எல்லோரும் கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்றோம். உள்ளே கண்ணாடி கழன்றது. ஊதும் சத்தம் கேட்டது.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா? நான் டிரெயினியா இருந்தப்ப இதே மாதிரி ஒரு ஆள்கிட்ட மாட்டிக்கிட்டு அவஸ்தைப்பட்டேன்யா. அச்சு அசல்! எங்கேர்ந்து பிடிச்சே?"

* * *

யோசித்துப் பார்த்தால், நம் சபா நாடகம் என்பதே ஆபீஸ்காரர்கள் ஆபீஸ்காரர்களுக்காக உண்டாக்கிய சமாசாரம்தான்.

கிராமத்து நாடகத்தின் கணக்கு வேறு. தென் மாவட்டத்துக் கோயில் திருவிழாக்களில் 'வள்ளி திருமணம்' ராத்திரி ஆரம்பித்தால் விடிய விடிய நடக்கும். அறுவடை முடிந்த ஊர், மறுநாள் தூங்கிக்கொள்ளலாம். பத்து மணிக்கு அட்டெண்டன்ஸில் கையெழுத்துப் போட வேண்டியவனுக்கு அது கட்டுப்படி ஆகுமா? அவனுக்காகத்தான் ஆபீஸ் விட்டு ஆரம்பித்து, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் முடிகிற இரண்டு மணி நேர நாடகம் வந்தது.

1891-ல் சென்னையில் சுகுண விலாச சபாவை ஆரம்பித்த பம்மல் சம்பந்த முதலியார் ஒரு வக்கீல். பிற்பாடு ஸ்மால் காஸ் கோர்ட் ஜட்ஜ். 'கூத்தாடி' என்று ஊர் இளக்காரமாகப் பேசிய காலத்தில், படித்து உத்தியோகம் பார்த்தவர்களை அரிதாரம் பூச வைத்தவர். தீரர் சத்தியமூர்த்தியே அந்த சபாவில் வேஷம் கட்டியிருக்கிறார். கோர்ட் வேலையையும் பார்த்துக்கொண்டு 90க்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார் பம்மல். எஜமானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயர் என்று வைத்து வயிற்றைப் புண்ணாக்கிய 'சபாபதி', 1941-ல் சினிமாவாக வந்ததே, அது அவருடையதுதான்.

அப்புறம் பாருங்கள். 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தை எழுதியபோது கே. பாலசந்தருக்கு அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீஸில் உத்தியோகம். நாகேஷ் ரயில்வே குமாஸ்தா. பூர்ணம் விஸ்வநாதன் ஆல் இந்தியா ரேடியோவில் செய்தி வாசித்தவர். அவர் குழுவுக்கு 'கடவுள் வந்திருந்தார்' எழுதித் தந்த சுஜாதா பெங்களூரில் இன்ஜினியர். 1968-ல் 'முகமது பின் துக்ளக்' போட்டு ஆட்சியாளர்களை அலற வைத்த சோ, வக்கீல். கிரேஸி மோகன் கிண்டி இன்ஜினியரிங் காலேஜில் மெக்கானிக்கல் படித்தவர். டெல்லி கணேஷ் விமானப் படையில் இருந்தவர். எல்லோரும் பகலில் யாரோ ஒருவருக்கு 'யெஸ் ஸார்' சொன்னவர்கள்தான்.

ஆபீஸ் நமக்கு ஓர் எம்ப்ளாயி நம்பர் கொடுக்கும். ரிடையர் ஆன மறுநாள் அதையும் வாங்கிக்கொள்ளும். நாடகம் பெயர் கொடுத்தது. 'மேஜர்' சுந்தரராஜன் ராணுவத்தில் இருந்தவர் இல்லை. மேடையில் ஏற்ற வேஷம் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 'காத்தாடி' ராமமூர்த்தியும் 'டைப்பிஸ்ட்' கோபுவும் அப்படித்தான். 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதியதால்தான் மோகன், கிரேஸி மோகன். எங்கள் அக்கவுண்ட்ஸ்காரருக்கும் இப்போது ஆபீஸில் 'பில் கட்டலை' என்று பெயர். கூப்பிட்டால் தரையைப் பார்ப்பதில்லை, நிமிர்ந்து சிரிக்கிறார்.

* * *

"சிரிக்கத்தானே? அதுக்கு டி.வி. இருக்கு, செல்போன் இருக்கு" என்று கேட்பீர்கள். வித்தியாசம் இருக்கிறது, ஸார். 

டி.வி. நமக்காகக் காத்திருக்காது. நாம் சிரித்தாலும் அழுதாலும் அது பாட்டுக்கு ஓடும். மேடையில் இருப்பவர் காத்திருப்பார். ஒரு ஜோக்குக்கு ஹால் சிரித்தால், அந்தச் சிரிப்பு உச்சிக்குப் போய், இறங்க ஆரம்பிக்கிற நேரம் பார்த்து அடுத்த வசனத்தைப் போட வேண்டும். முந்திக்கொண்டால் வசனம் சிரிப்பில் மூழ்கும். பிந்தினால் சூடு ஆறிவிடும். அதனால் சிரிக்கிற கூட்டம் அமைந்தால் நாடகம் நீளும். உம்மென்று உட்கார்ந்தால் சீக்கிரம் முடியும். வேறு எந்தக் கேளிக்கையில் ஸார், ரசிகன் கையில் இந்த ரிமோட் இருக்கிறது?

கிரேஸி மோகன் நாடகம் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாதுவும் ஜானகியும் பேசிக்கொள்ளும்போது ஒரு ஜோக்குக்குச் சிரித்து நிமிர்வதற்குள் அடுத்த இரண்டு கடந்து போயிருக்கும். விட்டதைப் பிடிக்க இன்னொரு தடவை வந்தவர்கள் ஏராளம். 2019-ல் அவர் போனபோது, நேரில் ஒருதரம் கூடப் பேசியிராதவர்கள் வீட்டு மனுஷன் போனதுபோல வருத்தப்பட்டார்கள் என்றால், அது அந்த ஹாலில் சேர்ந்து சிரித்த பந்தம்.

இன்னொன்று. வீட்டில் தனியாகப் பார்த்தால் புன்னகையோடு நிறுத்திக்கொள்கிற ஜோக்குக்கு, ஹாலில் விழுந்து விழுந்து சிரிக்கிறோம். பக்கத்து சீட்காரர் சிரிக்கிறாரே என்று நாமும், நாம் சிரிக்கிறோமே என்று அவரும். கொட்டாவிக்குப் பிறகு தொற்றுகிற ஒரே நல்ல வியாதி இதுதான்.

* * *

ஒரு விஷயம் மட்டும் நெஞ்சைப் பிசைந்தது. இடைவேளையில் விளக்குப் போட்டதும் திரும்பிப் பார்த்தேன். ஹால் முழுக்க வெள்ளைத் தலைகள். நடுநடுவே டை அடித்த தலைகள். அவையும் வெள்ளைக் கணக்கில்தான். என் தலைதான் அங்கே இளைஞர் அணி.

1975-ல் சென்னைக்கு டி.வி. வந்தது, சபா கொஞ்சம் ஆட்டம் கண்டது. 1993-ல் தனியார் சானல் வந்தது. சாயங்காலமே சீரியலுக்குப் போயிற்று. இப்போது உள்ளங்கையிலேயே கொட்டகை. மெம்பர்கள் குறையக் குறைய சபாக்கள் குழுக்களுக்குக் கொடுக்கும் பணமும் குறைகிறது. செட்டுக்கு, லைட்டுக்கு, ஹால் வாடகைக்குக் கொடுத்ததுபோக மிஞ்சுவது ஆட்டோ காசு. அதற்கும் சம்மதித்து மொட்டை மாடியில் வசனம் மனப்பாடம் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்க ஆள் வராவிட்டால் அவர்கள் யாரிடம் போய் அதைச் சொல்வார்கள்?

ஆகவே வாசக கோடிகளே, மாதம் ஒரு நாள். ஒரே ஒரு நாள். பேப்பரில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பாருங்கள். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் கோடை நாடக விழா என்று போட்டிருந்தால் ஒரு மாலையாவது ஒதுக்குங்கள். எழும்பூர் மியூசியம் தியேட்டரிலோ, தி.நகரிலோ, மயிலாப்பூரிலோ ஏதாவது நடக்கும். எல்லா நாடகமும் பிரமாதமாக இருக்காது, சிலது அறுக்கும். அறுத்தால் என்ன? சேர்ந்து அறுபடுவதிலும் ஒரு சுகம் இருக்கிறது. வீட்டுக்குத் திரும்பும்போது திட்டிக்கொண்டே வர, கணவன் மனைவிக்குள் ஒரு பொது எதிரி கிடைப்பான்.

முடிந்தால் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு போங்கள். என் பையனை அடுத்த நாடகத்துக்குப் பிடித்து இழுத்துப் போனேன். ஒரு நல்ல ஜோக் வந்த சமயம் தும்மிவிட்டான். "அப்பா, என்ன சொன்னாங்க? கொஞ்சம் பின்னால போக முடியாதா?" என்று கிசுகிசுத்தான். பின்னால் போக முடியாது என்று விளக்குவதற்குள், அவனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத தாத்தா, குனிந்து அவன் காதில் அந்த ஜோக்கைச் சொன்னார். இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். அதற்குள் அடுத்த ஜோக் போய்விட்டது. இரண்டு பேருமாக முன் சீட்டைத் தட்டி, "என்ன சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.